வாடகை வீட்டுக்குப் போகுமுன்: சட்டம் உங்களுக்குத் தருவது எது, தராதது எது

2026 ஜனவரி 1 முதல் இலங்கையில் ஊழியர் ஒருவருக்குக் கொடுக்கவேண்டிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 2,400 ரூபாய் கழிந்தால் கைக்கு வருவது 27,600. இந்தச் சம்பளத்தில் மட்டக்களப்பு நகரக் கடையொன்றில் வேலை செய்யும் ஒருவருக்குக் கூழாவடியிலோ நாவற்குடாவிலோ மாதம் 12,000 ரூபாய்க்கு இரண்டு அறை வீடொன்று அகப்பட்டதென்று வையுங்கள். வீட்டுக்காரர் ஒரு வருட அட்வான்ஸ் கேட்டால் 144,000 ரூபாய் வேண்டும். சோறு தண்ணீர் இல்லாமல் ஐந்து மாதச் சம்பளத்தை அப்படியே எடுத்து வைத்தாலும் அந்தத் தொகை வராது. அதனால் நகை அடகுக்குப் போகும். அப்படிச் சேர்த்த காசை, பல வேளைகளில் ஒரு துண்டுக் கடதாசிகூட வாங்காமல் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்குகிறோம். எனக்குப் பெரிய கவலை அதுதான். வாடகை கூடக்குறைய இருக்கலாம். கொடுத்த காசும் இருக்கும் வீடும் நம் கையை விட்டுப் போகாமல் இருக்கச் சட்டத்தில் சில வழிகள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போங்கள்.

பலரும் முதலில் கேட்பது, வாடகையை அரசாங்கம் கட்டுப்படுத்தாதா என்பதுதான். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் அதற்காகவே வந்தது. மாநகர, நகர சபைப் பகுதிகளில் வாடகைக்கு உச்சவரம்பு வைத்தது, இருப்பவரை இலகுவில் எழுப்ப முடியாமலும் ஆக்கியது. ஆனால் 1980இலும் 2002இலும் வந்த திருத்தங்களுக்குப் பிறகு, இன்று புதிதாக வாடகைக்கு விடப்படும் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. புளியந்தீவு, கோட்டைமுனைப் பக்கம் தாய் தகப்பன் காலத்திலிருந்து ஒரே வாடகை வீட்டில் இருக்கும் குடும்பங்கள் சட்டத்தரணி ஒருவரிடம் கட்டாயம் கேட்டுப் பார்க்கவேண்டும். அவர்களுக்கு அந்தச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கலாம். இப்போது வீடு தேடுகிறவருக்கு வாடகைத் தொகை பேச்சில் முடிவாவதுதான். பேசியதை எழுத்தில் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு.

எப்படி எழுதுவது என்பதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு வீட்டை விடும் குத்தகை எதுவானாலும் நொத்தாரிசு ஒருவரின் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கையொப்பமிடப்படவேண்டும். கடையில் வாங்கிய படிவத்தில் முத்திரை ஒட்டி, பக்கத்து வீட்டு அண்ணனைச் சாட்சிக்கு வைத்து, "இரண்டு வருடத்துக்கு" என்று எழுதிக்கொண்டால் அந்த இரண்டு வருடம் சட்டப்படி நிற்காது. காசு கொடுத்ததற்கு அந்தக் கடதாசி ஒரு சான்றாக உதவும், அவ்வளவுதான். மாதாமாதம் வாடகை கொடுத்து இருப்பதால் உங்களை மாத வாடகைக்காரராகவே நீதிமன்றம் பார்க்கும். மாத வாடகையை ஒரு முழு மாத அறிவித்தலோடு முடிக்கலாம். அதாவது மார்ச் 10ஆம் திகதி அறிவித்தல் தந்தால், ஏப்ரல் 30 வரை இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. பிள்ளையைப் பக்கத்துப் பாடசாலையில் சேர்த்துவிட்டு, இரண்டு வருடம் அசையத் தேவையில்லை என்று நம்பியிருந்த குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள்.

நொத்தாரிசு எழுதினால் செலவு உண்டு. அவருடைய கட்டணமும், மொத்த வாடகையைக் கணக்கிட்டு அறவிடும் முத்திரை வரியும் சேரும். வீட்டுக்காரர்கள் தயங்குவதும் பெரும்பாலும் இதற்காகத்தான். பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளக் கேளுங்கள். நகையை அடகு வைத்து ஒரு லட்சத்துக்கு மேல் கொடுப்பவர் இந்தச் செலவுக்குப் பின்வாங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. எழுதியதைக் காணிப் பதிவகத்தில் பதியவும் சொல்லுங்கள். பதிந்த குத்தகை இருந்தால், பிறகு வீட்டை வாங்குகிறவரோ ஈடு பிடிக்கிறவரோ "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட முடியாது. நம் நாட்டில் நிலவும் ரோமன்-டச்சு சட்டப்படி, வீடு கைமாறினாலும் குத்தகை முறியாது. வாங்கியவர் பழைய வீட்டுக்காரரின் இடத்துக்கு வருகிறார். இந்தக் குத்தகை உறுதி, வதிவிடத்தைக் காட்டவேண்டிய வேறு இடங்களிலும், குறிப்பாகப் பிள்ளையை முதலாம் தரத்துக்குச் சேர்க்கும்போதும், கைகொடுக்கும்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு விஷயம் உண்டு. நகரத்தைத் தாண்டினால் அனுமதிப்பத்திரக் காணிகள், அதாவது பேர்மிட் காணிகள் நிறைய. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் கொடுத்த அந்தக் காணியைப் பிரதேச செயலகத்தின் எழுத்துமூல அனுமதியில்லாமல் கைமாற்ற முடியாது. அதில் கட்டிய வீட்டுக்கு நீண்ட காலக் குத்தகை எழுத நொத்தாரிசு மறுத்தால் அவர் தன் கடமையைத்தான் செய்கிறார். ஆகவே வீடு பார்க்கப் போகும்போதே, "இது உறுதிக் காணியா, பேர்மிட் காணியா?" என்று கேட்டுவிடுங்கள். பேர்மிட் என்றால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே மாத வாடகைக்கு இருங்கள், ஆனால் வருட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் காசு மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

அட்வான்ஸ் என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் சொல்கிறோம். ஒன்று, மாதாமாதம் வாடகையில் கழியும் முற்பணம். மற்றது, போகும்போது அப்படியே திரும்பி வரவேண்டிய வைப்புப் பணம். வீட்டுக்காரர் முதலாவதை நினைப்பார், நீங்கள் இரண்டாவதை நினைப்பீர்கள். பிணக்கு அங்கேதான் தொடங்கும். "100,000 ரூபாய் பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதினால் போதாது. அது வாடகையில் கழியுமா, திருப்பித் தரப்படுமா, சாவி கொடுத்து எத்தனை நாளுக்குள் தரப்படும், எந்தச் சேதத்துக்குப் பிடிக்கலாம் என்பதெல்லாம் உறுதியிலேயே வரவேண்டும். நாங்கள் முன்பு இருந்த வீடொன்றில், போகும்போது பெயின்ட் அடிக்கவேண்டும் என்று சொல்லி வைப்புப் பணத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் குடிவந்தபோதே அந்தச் சுவர்கள் ஈரத்தில் ஊறி உரிந்திருந்தன. காட்ட ஒரு படம் இருக்கவில்லை. இப்போதெல்லாம் யார் வாடகைக்குப் போனாலும், சாமான் இறக்குமுன் ஒவ்வொரு அறையையும் போனில் படம் எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடச் சொல்கிறேன்.

மாத வாடகைக்குப் பற்றுச்சீட்டு கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் வங்கிக் கணக்கில் போடுங்கள். அந்தப் பதிவு போதும்.

வீட்டுக்காரர் திடீரென்று பூட்டை மாற்றிவிட்டால் என்ன செய்வது? இதைப் பலர் அறியாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம். வாடகை பாக்கி இருந்தாலும், காலம் முடிந்திருந்தாலும், நீதிமன்றக் கட்டளையில்லாமல் ஒருவரைப் பலவந்தமாக வெளியேற்ற வீட்டுக்காரருக்கு அதிகாரம் இல்லை. அப்படி வெளியேற்றப்பட்டால் உடனே பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ், அமைதி குலையக்கூடிய காணிப் பிணக்கைப் பொலிசார் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். அவர்கள் போகாவிட்டால் நீங்களே சத்தியக்கடதாசியோடு போகலாம். உங்களை வெளியேற்றியது, வழக்கு நீதிமன்றத்துக்கு வந்த நாளுக்கு முந்திய 2 மாதங்களுக்குள் நடந்திருந்தால், உங்களைத் திரும்ப அங்கே இருத்த நீதிமன்றம் கட்டளையிட முடியும். இரண்டு மாதம் என்பது கெதியில் ஓடிவிடும். "உறவினர் பேசிப் பார்க்கட்டும்" என்று நாட்களைக் கடத்தாதீர்கள். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், முறைப்பாடு அன்றைக்கே பதிவாகட்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகை முடிந்த வீட்டை மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் விரைவாக மீட்க வீட்டுக்காரருக்கு வழி திறந்திருக்கிறது. முன்பு வழக்கு வருடக்கணக்கில் இழுபடும், அதுவரை இருந்துவிடலாம் என்று நினைத்தவர்கள் உண்டு. இனி அதை நம்பி இருக்காதீர்கள். குத்தகை முடிய இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே புதுப்பிப்பதைப் பற்றி எழுத்தில் கேளுங்கள். மறுமொழி வராவிட்டால் அடுத்த வீட்டைத் தேடத் தொடங்குங்கள். மாரி மழை விழும் கார்த்திகை, மார்கழியில் குத்தகை முடியாதபடி திகதி போடுவது புத்திசாலித்தனம். வெள்ளத்துக்கு நடுவே சாமான் ஏற்றி இறக்கியவர்களுக்கு இது சொல்லத் தேவையில்லை.

வைப்புப் பணம் திரும்ப வராத பிணக்குக்கு முதலில் இணக்க சபைக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது அது. அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே பேசவேண்டும். பெரிய செலவில்லாமல் முடியும். இணக்கம் வராவிட்டால் சபை தரும் சான்றிதழோடு நீதிமன்றத்துக்குப் போகலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் மட்டக்களப்பில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் தங்கள் வருமானத்தைக் காட்டி உதவி கேட்கலாம்.

அப்புறம் கரண்ட். ஒரு வளவுக்குள் வீட்டுக்காரர் முன்னாலும் நீங்கள் பின்னாலுமாக இருந்து, மீற்றர் ஒன்றே என்றால் வாடகை குறைவு என்று மகிழ வேண்டாம். வீட்டுப் பாவனைக்கு அலகு கூடக் கூட ஒவ்வோர் அலகின் விலையும் கூடும். தனியே இருந்தால் குறைந்த கட்டணப் படியில் நிற்கவேண்டிய சிறிய குடும்பம், வீட்டுக்காரரின் ஏசியும் மோட்டரும் சேர்ந்த மொத்தப் பாவனையால் மேல் படிக்குப் போய்விடுகிறது. பில்லைச் சரிபாதியாகப் பிரித்தால் உங்களுக்கு இரட்டை நட்டம். தனி மீற்றர் இல்லாத வீட்டில், உள்ளே ஒரு துணை மீற்றர் பூட்டச் சொல்லி, ஓர் அலகுக்கு என்ன விலை என்று குத்தகை உறுதியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். குடிபோகும் நாளில் கரண்ட் மீற்றரையும் தண்ணீர் மீற்றரையும் படம் எடுத்து வையுங்கள்; முன்னிருந்தவரின் பாக்கி உங்கள் தலையில் விழாது.