மணல் டப்பா மாதிரி ஒரு படகு

மூடி போட்ட இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று காலி, இன்னொன்றில் பாதிவரை மணல். இரண்டையும் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுக் கையால் சிற்றலைகளை எழுப்பினால், காலி டப்பா ஒவ்வொரு அலைக்கும் துள்ளும். மணல் டப்பா கொஞ்சம் யோசித்துத்தான் அசையும்.

வட ஐரோப்பாவின் பழைய பாணி மோட்டார் செய்லர் படகுகள் இந்த மணல் டப்பா ஜாதி. பாய்க்கும் எஞ்சினுக்கும் கிட்டத்தட்ட சம பங்கு. பின்லாந்தில் கட்டிய நாட்டிகேட் 33 சுமார் 10 மீட்டர் நீளம், ஏறத்தாழ 7.5 டன் எடை. இங்கிலாந்தின் ஃபிஷர் படகுகளுக்கு மீன்பிடிப் படகின் உடல்வாகு. பருத்த வயிறு, நீண்ட ஏரா (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு), மழை படாமல் உள்ளே நின்று சுக்கான் பிடிக்கக் கண்ணாடி அறை. பந்தயப் படகுக்காரர்கள் இவற்றைக் கிண்டல் செய்வார்கள். கடல் கொந்தளிக்கிற வரை அந்தக் கிண்டல் செல்லும்.

அலை ஒரு படகை எவ்வளவு விசையோடு தூக்குகிறது என்பது, நீர்மட்டத்தில் படகு அடைத்திருக்கும் பரப்பைப் பொறுத்தது. ஒரே பரப்பு, ஆனால் எடை ஒன்றரை மடங்கு என்றால், அதே தள்ளலுக்குப் படகு மெதுவாகத்தான் எழும். வயிற்றைக் கலக்குவது லேசான படகின் திடீர் வெட்டு அசைவுதான். நடுக்கடலின் நீண்ட அலைகளில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, எல்லாப் படகும் ஏறி இறங்கும். வட கடல் போல ஆழம் குறைந்த இடங்களில் செங்குத்தாக, அடுத்தடுத்து வரும் குட்டை அலைகளில்தான் கனத்தின் அருமை தெரியும்.

சரி, பக்கவாட்டு ஆட்டம்? கழைக்கூத்தாடி கயிற்றில் நடக்கும்போது நீண்ட கம்பு பிடிப்பது எதற்கு? மையத்திலிருந்து தள்ளியிருக்கும் எடையைச் சட்டென்று சுழற்ற முடியாது. படகுக்குப் பாய்மரம்தான் அந்தக் கம்பு. 1979இல் ஃபாஸ்ட்நெட் என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தைப் புயல் தாக்கி 15 போட்டியாளர்கள் இறந்த பிறகு, மாதிரிப் படகுகளை வைத்துச் சோதித்தார்கள். பாய்மரம் முறிந்த படகை உடைந்து விழும் அலை எளிதாகக் கவிழ்த்துவிடுகிறது என்று தெரிந்தது. உச்சியில் எடை குறைந்தால் படகு பத்திரம் என்றுதான் நமக்குத் தோன்றும். திடீர் அடியைப் பொறுத்தவரை விஷயம் நேர்மாறு!

எஞ்சினில் ஓடும்போதும் ஒரு பாயை விரித்தே வைப்பதற்குக் காரணம் வேறு. படகு சாயும்போது பாய் காற்றைத் தள்ளிக்கொண்டு நகர வேண்டும். காற்று எதிர்க்கும், ஆட்டம் சீக்கிரம் அடங்கும்.

வேகத்தில் மட்டும் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. ஓடும் படகு தானே ஓர் அலையை உண்டாக்குகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை நீண்டு, ஒரு கட்டத்தில் படகின் நீளத்தை எட்டிவிடும். அப்புறம் தன் அலையின் மேட்டில் தானே ஏற வேண்டிய நிலை. நீர்மட்டத்தில் 9 மீட்டர் நீளமுள்ள படகுக்கு அந்த எல்லை ஏறக்குறைய 7.3 நாட், அதாவது மணிக்கு 13.5 கிலோமீட்டர். நிதானமாகச் சைக்கிள் மிதிக்கும் வேகம். அதற்கு மேல் போக எஞ்சினை முறுக்கினால் டீசல்தான் கரையும்.

எஞ்சினை மிதமாக ஓட்டிப் பாயோடு சேர்ப்பதுதான் கெட்டிக்காரத்தனம். பக்கத்திலிருந்து 8 நாட் காற்று வருகிறது என்று வைப்போம். எஞ்சின் படகை 5 நாட்டில் நகர்த்தினால் பாய் உணரும் காற்று 9.4 நாட் ஆகிவிடும். இல்லாத காற்றைக் கொஞ்சம் நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். காற்று பின்னாலிருந்து வந்தால் கணக்கு தலைகீழ்: 8இல் 5 போக மிச்சம் 3. பாய் தொங்கும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. மெல்லிய காற்றில் பாயால் மட்டும் இவ்வளவு எடையை இழுக்க முடியாது. எதிர்க்காற்றில் அந்தக் கண்ணாடி அறையே தடை. பெரிய அலை மேலே விழுந்தால் முதலில் பயப்பட வேண்டியதும் அதன் கண்ணாடிகளுக்குத்தான்.

துறைமுகத்துக்குள் நுழைந்தால் வேறு தலைவலி. நேர்கோட்டில் தானாகவே ஓட வைத்த நீண்ட ஏரா, இங்கே திரும்ப மறுக்கும். ரிவர்ஸ் போட்டால் சுக்கானை மதிக்காது, நீருக்கடியில் சுழலும் எஞ்சின் விசிறி அமரத்தை, அதாவது படகின் பின்பக்கத்தை, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், பெரும்பாலும் இடப்பக்கம். பழகியவர்கள் இதோடு சண்டை போடுவதில்லை. இடப்பக்கம் துறையை நோக்கி இருக்குமாறு சாய்வாக வந்து, கடைசி நொடியில் ரிவர்ஸ் கொடுப்பார்கள். படகு நிற்கும், அமரம் தானே போய்த் துறையோடு ஒட்டிக்கொள்ளும்.