ஒரு மில்லி விநாடிக்குள் எரிந்து முடிய வேண்டும்

‘மாக் 5 வேகத்தை 1949-லேயே தாண்டிவிட்டார்களே, இப்போது மட்டும் ஹைப்பர்சானிக் ஏவுகணை என்று ஏன் இவ்வளவு பேச்சு?’ என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. மாக் 5 என்றால் ஒலியின் வேகத்தைப் போல ஐந்து மடங்கு; அதைத் தாண்டினால் ஹைப்பர்சானிக். அந்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கா, ஜெர்மானிய வி-2 ராக்கெட்டின் தலையில் இன்னொரு சிறு ராக்கெட்டை ஏற்றி அனுப்பி அந்த வேகத்தைக் கடந்தது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் மாக் 20-ஐயும் தொடும். ஆனால் அவை வீசியெறிந்த கல் மாதிரி. எங்கே விழும் என்று பெரும்பாலும் கணக்குப் போட்டுவிடலாம். காற்று மண்டலத்துக்குள்ளேயே, திசை மாறி மாறி அதே வேகத்தில் பறப்பதுதான் புதிய சவால்.

இரண்டு வகை உண்டு. ராக்கெட்டிலிருந்து பிரிந்து, எஞ்சின் இல்லாமல் காற்றில் சறுக்கி வருவது ஒன்று: ரஷ்யாவின் அவன்கார்ட், சீனாவின் டிஎஃப்-17. மற்றது, காற்றை உள்வாங்கி, அதில் எரிபொருளை எரித்துக்கொண்டே பறக்கும் க்ரூஸ் ஏவுகணை. அதன் எஞ்சின்தான் ஸ்க்ராம்ஜெட்.

இதில் சுழலும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. எஞ்சின் வாயின் சரிவில் உண்டாகும் அதிர்வலைகளே (ஒலியை மிஞ்சி வரும் காற்று திடீரென நெரிபடும் இடங்கள்) காற்றை அழுத்திவிடும். 30 கி.மீ. உயரத்தில் மாக் 6 என்றால் விநாடிக்கு 1.8 கி.மீ. அந்தக் காற்றை முழுக்கத் தடுத்து நிறுத்தினால் 1,400 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும்; அதற்கு மேல் எரித்தால் கிடைக்கும் வெப்பத்தில் கணிசமான பங்கு மூலக்கூறுகளைப் பிளப்பதிலேயே போய்விடும். அதனால் எரியறைக்குள்ளும் ஒலியைவிட வேகமாகவே ஓட விடுகிறார்கள். ஒரு மீட்டர் அறையைக் காற்று ஒரு மில்லி விநாடிக்குள் கடந்துவிடும். அதற்குள் எரிபொருள் கலந்து, பற்றி, எரிந்து முடிய வேண்டும்.

வழி என்ன? எரியறைச் சுவரில் ஒரு பள்ளம்! ஆற்றுப் பாறைக்குப் பின்னால் நீர் சுழல்வதுபோல, அதற்குள் கொஞ்சம் காற்று சிக்கிச் சுழலும். அங்கே நிலைத்த தீ, கடந்து போகும் கலவையைப் பற்றவைத்துக்கொண்டே இருக்கும். அதைவிட அழகு, எரிபொருள் வரும் பாதை. மண்ணெண்ணெய் வகை எரிபொருளை முதலில் சுவருக்குள் இருக்கும் நுண்குழாய்களில் ஓட விடுவார்கள். அது சூட்டை வாங்கிச் சுவரைக் காக்கும். வாங்கிய சூட்டில் அதன் பெரிய மூலக்கூறுகள் எத்திலீன் போன்ற சிறியவையாக உடைந்து, இன்னும் சுலபமாகப் பற்றும்.

சிக்கல் தொடக்கத்தில்தான். சுவர் சூடேறும்வரை வேறு எரிபொருள் வேண்டும். அமெரிக்காவின் ஸ்க்ராம்ஜெட் சோதனைக் கலம் எக்ஸ்-51ஏ 2011 ஜூனில் எத்திலீனில் பற்றிக்கொண்டது. ஜேபி-7 என்ற மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறும்போது காரியம் கெட்டது. எரியறையில் அழுத்தம் மிஞ்சினால் அதிர்வலைகள் முன்னோக்கி நகர்ந்து வாய்க்கு வெளியே வந்துவிடும். காற்று உள்ளே போகாமல் வழியும், உந்துவிசை போய்விடும். மறுபடி இயக்கப் பார்த்தும் பலனில்லை. 2013 மே 1 அன்று அதே ரகம் 210 விநாடி எரிந்து மாக் 5.1-ஐ எட்டியது.

நம் டி.ஆர்.டி.ஓ.வின் சோதனைக் கலம் 2020 செப்டம்பர் 7 அன்று ஒடிசா கடற்கரையிலிருந்து கிளம்பி 20 விநாடிக்கு மேல் ஸ்க்ராம்ஜெட்டில் பறந்தது. எல்லோரும் கொண்டாடினோம். 2025 ஏப்ரலில் ஹைதராபாத்தில் தரையில் பூட்டி வைத்த எரியறை 1,000 விநாடிக்கு மேல் ஓடியதற்கு அவ்வளவு வரவேற்பு இல்லை. என்னைக் கேட்டால், பணம் முதலில் போக வேண்டிய இடம் இப்படிப்பட்ட தரைச் சோதனைக்கூடங்கள்தான். சில விநாடி என்றால் தடித்த உலோகமே சூட்டை உறிஞ்சிச் சமாளித்துவிடும். ஆயிரம் விநாடி தாங்க, அந்த நுண்குழாய்களில் எரிபொருள் ஒரு கணமும் தடைபடாமல் ஓட வேண்டும். ஒரு குழாயில் கரி படிந்து அடைத்தாலும் அந்த இடத்தில் சுவர் ஓட்டையாகிவிடும்.