செல்போனுக்கு முறுக்கு ஊட்டும் குழந்தை

அக்கா மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. திருநெல்வேலியிலிருந்து எங்கள் அம்மா வீடியோ காலில் வந்துவிட்டால், கையில் இருக்கும் முறுக்கைக் கொண்டுபோய்த் திரையில் அழுத்துவாள். அங்கே ஆச்சி 'ஆ' என்று வாயைத் திறந்து, கறுக் மொறுக்கென்று மென்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் விடமாட்டாள். போன் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. அதே போனில் பாட்டு வீடியோ ஓடும்போது, அதில் வரும் யானைக்கு அவள் ஒரு துண்டுகூட நீட்டியதில்லை. கண் கொட்டாமல் பார்ப்பாள், அவ்வளவுதான்.

ஆச்சிக்குப் பசிக்கும், யானைக்குப் பசிக்காது என்று அவளுக்கு யார் சொன்னது?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரீஷியா கூல் என்ற ஆய்வாளரின் குழு நடத்திய சோதனை ஒன்று 2003இல் வெளியானது. ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளோடு மாண்டரின் சீனம் பேசுகிறவர்கள் தரையில் உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் வாசித்துக் காட்டினார்கள். ஒரு தடவைக்கு 25 நிமிடம், மொத்தம் 12 தடவை. அது போதுமானதாக இருந்தது. ஆங்கிலக் காதுக்குப் பிடிபடாத இரண்டு மாண்டரின் ஒலிகளை அந்தக் குழந்தைகள் பிரித்தறிந்தன. நம்முடைய லகரமும் ளகரமும் வெளியாட்களுக்கு ஒன்றாகவே கேட்குமே, அதுபோன்ற சங்கதி. இன்னொரு குழுவுக்கு அதே பேச்சை டிவிடியில் போட்டுக் காட்டினார்கள். ஒன்றும் ஏறவில்லை. மாண்டரினே கேட்காத குழந்தைகள் எப்படியோ, இவையும் அப்படித்தான்.

சரி, திரையில் இருப்பது குழந்தைக்குப் புரியவில்லையா? இதற்கு ஜார்ஜீன் ட்ரோசெத், ஜூடி டிலோச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998இல் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தமானது. பக்கத்து அறையில் ஒரு பொம்மையை ஒளித்து வைக்கிறார்கள். இரண்டு வயதுக் குழந்தை அதை டிவியில் நேரலையாகப் பார்க்கிறது. பிறகு அந்த அறைக்குள் விட்டால் தேடத் தெரியாமல் தடுமாறுகிறது. ஜன்னல் வழியாகப் பார்த்த குழந்தையோ நேராகப் போய் எடுத்துவிடுகிறது. அடுத்து ஒரு தந்திரம் செய்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் டிவியை மறைத்து வைத்து, ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம் என்று குழந்தையை நம்பவைத்தார்கள். இப்போது அதே வயதுக் குழந்தைகள் கண்டுபிடித்தார்கள்!

ஆக, கண்ணில் கோளாறு இல்லை. டிவியில் நடப்பது நம் வீட்டு விஷயம் இல்லை என்று அந்த இரண்டு வருட அனுபவத்தில் குழந்தை முடிவுகட்டியிருக்கிறது. முடிவு நியாயமானதுதான். கூப்பிட்டால் திரும்பாத, விழுந்தால் 'அச்சச்சோ' சொல்லாத ஆள் சொல்வதை எதற்குப் பொருட்படுத்த வேண்டும்?

அந்த ஆள் திரும்பிப் பார்த்தால்? ட்ரோசெத் 2006இல் அதையும் சோதித்தார். டிவியில் இருக்கும் பெண் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசி விளையாடுகிறார். அப்புறம் பொம்மை இருக்கும் இடத்தைச் சொல்கிறார். குழந்தைகள் போய் எடுத்தார்கள். 2014இல் வந்த இன்னொரு ஆய்வில், இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகள் வீடியோ காலில் புதிய வினைச்சொற்களைக் கற்றார்கள். பதிவு செய்த வீடியோவில் கற்கவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல், ஒன்றரை வயதுக்குட்பட்டவர்களுக்குத் திரையே வேண்டாம் என்று சொன்னபோது வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு அளித்தது. ஆச்சிக்கு முறுக்கு ஊட்டத் தடையில்லை.

மூன்று வயதைத் தாண்டிய பிறகு கதை கொஞ்சம் மாறுகிறது. அப்போது திரை உண்மையாகவே பதில் சொல்லாவிட்டாலும், சொல்வதுபோல நடித்தால் போதும். 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் டிவி நிகழ்ச்சிக்காக நடிகர் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் ஆங்கில அரிச்சுவடியைச் சொன்னார். அவ்வளவு நிதானமாக. எழுத்து முதலில் திரையில் தோன்றும், இடைவெளி விட்டு அவர் உச்சரிப்பார். முதலில் குழந்தைகள் அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்கள். திரும்பத் திரும்பப் பார்த்தபோது எழுத்தைக் கண்டதும் அவரை முந்திக்கொண்டார்கள். 1996இல் வந்த 'ப்ளூஸ் க்ளூஸ்' என்ற இன்னொரு குழந்தைகள் நிகழ்ச்சி இந்த இடைவெளியையே தொழிலாக்கியது. நடத்துபவர் கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். பெரியவர்களுக்கு அது வேடிக்கையாகத் தெரியும். வீட்டில் குழந்தை கத்திப் பதில் சொல்லும் நேரம் அது. ஒரே அத்தியாயத்தை வாரத்தில் ஐந்து நாளும் ஒளிபரப்பினார்கள். ஐந்தாம் நாள் சத்தம் கூடியதே தவிர, சலிப்பு தட்டவில்லை. விநாடிக்கு விநாடி காட்சி மாறும் நம் காலத்துக் குழந்தைப் பாட்டு வீடியோக்களில் அந்த மூச்சுவிடும் இடத்தைத்தான் காணோம்.

பெரியவர்கள் விஷயத்துக்கு வருவோம். டிலோச்சின் குழு 2010இல் சொல் கற்றுத்தருவதாகச் சொல்லி விற்கப்பட்ட ஒரு டிவிடியைச் சோதித்தது. நான்கு வாரம் அதைப் பார்த்த குழந்தைகள், பார்க்காத குழந்தைகளைவிட அதிகமாகக் கற்கவில்லை. டிவிடி இல்லாமல் அம்மா அப்பா பேசிச் சொல்லிக்கொடுத்த குழந்தைகள்தான் முன்னால் நின்றார்கள். ஆனால் அந்த டிவிடி எந்தப் பெற்றோருக்குப் பிடித்திருந்ததோ, அவர்கள் தம் பிள்ளை நிறையக் கற்றுவிட்டதாக நம்பினார்கள். டிவிடி வேலை செய்யத்தான் செய்தது, பிள்ளையிடம் இல்லை, பெற்றோரிடம்.

திரையில் இருப்பவர் நமக்கு வேண்டப்பட்டவர் என்று பெரியவர்களுக்கும் தோன்றும் மயக்கத்தைப் பற்றி ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956லேயே எழுதிவிட்டார்கள். நம் கண்ணைப் பார்த்துப் பேசும் முகம், பழகிய குரல், தினமும் அதே நேரத்துக்கு வருகை. பழக்கம் உறவாக இவை போதும். பொய் என்று அறிவுக்குத் தெரியும், மனம் அதற்காகக் காத்திருப்பதில்லை.

நேற்று அம்மா முறுக்கு மென்றுகொண்டிருந்தபோது அங்கே சீரியல் ஆரம்பித்துவிட்டது. போனை ஒரு கையில் பிடித்தபடியே டிவி பக்கம் திரும்பி, "ஏட்டி, அவன் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டுறாத" என்றார். இந்தப் பக்கம் அக்கா மகள், ஆச்சி யாரோடு பேசுகிறாள் என்று புரியாமல் முறுக்கை நீட்டியபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.