டெஸ்டூடோ – ஆமையணி

ரோமக் காலாட்படை கேடயங்களை நெருக்கிக் கோத்து, சுற்றிலும் சுவராகவும் தலைக்கு மேல் கூரையாகவும் பிடித்தபடி நகரும் அணிக்கு டெஸ்டூடோ என்று பெயர். லத்தீனில் ஆமை என்று பொருள். ஓட்டைக் குறிக்கும் 'டெஸ்டா'விலிருந்து பிறந்த சொல். மதில் இடிக்கும் தூலத்தின் மேல் அமைத்த நகரும் கொட்டகையும் இதே பெயரால் வழங்கியது. எனவே பழைய நூல்களில் இது வரும்போது ஆட்களா, கொட்டகையா என்று இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

இந்த அணிக்கு உயிர் 'ஸ்கூட்டம்' என்ற கேடயம். சிரியாவின் துரா யூரோப்போஸில் கிடைத்த 3ஆம் நூற்றாண்டுக் கேடயம் சுமார் 105 செ.மீ. உயரம். மெல்லிய மரச்சீவல்களை மூன்றடுக்காக, இழை குறுக்குமறுக்காக வரும்படி ஒட்டி வளைத்தது.

கி.மு. 169இல் மாசிடோனியாவின் ஹெராக்லியம் மதிலைப் பிடித்த அணியை ரோம வரலாற்றாசிரியர் லிவி வரிசை வரிசையாக விவரிக்கிறார். முதல் வரிசை நிமிர்ந்து நின்றது. அடுத்தடுத்த வரிசைகள் மேலும் மேலும் குனிந்தன. கடைசி வரிசை மண்டியிட்டது. வீட்டுக்கூரை போன்ற அந்தச் சரிவில் எறிந்தவை வழுக்கி விழுந்தன. ஓரத்து வீரர்கள் மட்டும் கேடயத்தைத் தலைக்கு மேல் தூக்காமல் முன்னால் பிடித்தார்கள்.

அணி குலைவது இடைவெளியால். கி.பி. 69இல் இத்தாலியின் கிரெமோனாவில் மதில் மேலிருந்தவர்கள் ஆமையணி மீது பெரும் கற்களை உருட்டினார்கள். கேடயங்கள் பிசகிய இடத்தில் ஈட்டியும் கழியும் விட்டுக் குத்தினார்கள். கடைசியில் கல்லெறி பொறியையே கீழே தள்ளினார்கள். அது அடியில் இருந்தவர்களை நசுக்கியது, ஆனால் மதிலின் மேற்பகுதியையும் தன்னோடு இழுத்துச் சரித்தது.

திறந்த வெளியில் நிலைமை வேறு. கி.மு. 53இல் மெசொப்பொத்தேமியாவின் கார்ரேயில் ரோமர்கள் கேடயம் சேர்த்து நெருங்கினால், ஈரானை ஆண்ட பார்த்தியரின் ஈட்டிக் குதிரைப்படை பாய்ந்தது. விலகி நின்றால் அம்பு தைத்தது. டெஸ்டூடோவைக் களத்தில் எதையும் வெல்லும் அணியாகக் காட்டுவது தவறு. அம்புக்கும் கல்லுக்கும் தப்பி மதிலடிக்குப் போய்ச் சேருவதே அதன் முதன்மை வேலை. அவ்வளவு நெருக்கத்தில் வாளை ஓங்க இடமிருக்காது.

தமிழில் 'ஆமையணி' என்பதே பொருத்தம். 'கூர்ம வியூகம்' வேண்டாம். பாரதத்தில் அது முழுச் சேனையையும் நிறுத்தும் முறை. கேடயத்துக்குத் தமிழில் தோல், கிடுகு, பரிசை என்ற சொற்களும் உண்டு. மதில் முற்றுகையைப் பாடும் உழிஞைத் திணையில் தொல்காப்பியம் 'தொல்எயிற்கு இவர்தலும் தோலின் பெருக்கமும்' என அடுத்தடுத்து வைக்கிறது. மதிலேறும்போது கேடயங்கள் திரள்வது இங்கும் தெரிந்த செய்திதான்; கூரையாகக் கோப்பது பற்றி அந்த அடியில் பேச்சில்லை.