ரசீது கேட்பது ஈமானில் (இறைநம்பிக்கையில்) குறைவா?

போன ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பு ஒரு பெரியவர் என் அலுவலகத்துக்கு வந்தார். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இளவயதில் கோலாலம்பூர் வந்து, முப்பது வருடத்துக்கு மேல் சாப்பாட்டுக் கடை நடத்தியவர். மனைவியோடு உம்ரா (மக்காவுக்கான புனிதப் பயணம்) போக 18 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) கட்டியிருந்தார். புறப்படும் தேதி மூன்று முறை தள்ளிப்போனது. அப்புறம் ஏஜெண்டின் கைப்பேசி அணைந்துவிட்டது. போலீசில் புகார் கொடுக்க என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்க வந்திருந்தார்.

"ரசீது இருக்கா, மாமா?"

"இல்லை தம்பி."

"பணத்தைக் கம்பெனி கணக்கிலயா போட்டீங்க?"

"அவர் பேருக்குத்தான் போட்டேன். பள்ளிவாசலில் முன் வரிசையில் நிற்கிற மனுஷன். அல்லாஹ்வுடைய வீட்டுக்குப் போற காரியம், அதுல போய் ரசீது கேட்டா நல்லாவா இருக்கும்னு விட்டுட்டேன்."

இருபத்திரண்டு வருடமாகக் கணக்குத் தணிக்கை வேலையில் இருக்கிறேன். இந்தப் பதிலைப் பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன். தன் கடைக்கு வரும் வெங்காய மூட்டையைக்கூட எடை பார்க்காமல் இறக்க விடாதவர், தன் வாழ்நாள் ஆசைக்கான பணத்தை ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் கொடுத்திருக்கிறார். அவர் ஏமாளி அல்ல. கேள்வி கேட்டால் பாவமாகிவிடுமோ என்று பயந்தவர். அந்தப் பயத்தைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். தெருமுனை ஏஜெண்டிலிருந்து அமைச்சர் வரை பலருக்கு அந்தப் பயம்தான் முதலீடு.

இந்தோனேசியாவில் 'ஃபர்ஸ்ட் டிராவல்' என்ற நிறுவனம் 2017இல் சரிந்தது. உம்ராவுக்கு 1 கோடியே 43 லட்சம் ரூப்பியா என்று மற்றவர்களால் கொடுக்கவே முடியாத விலையைச் சொல்லிப் பணம் வசூலித்தார்கள். முதலில் கட்டிய சிலர் போய்த் திரும்பியது உண்மை. அவர்களை அனுப்பிய பணம் அடுத்து வந்தவர்களுடையது. கடைசியில் சுமார் 63 ஆயிரம் பேர் போக முடியாமல் நின்றார்கள். இழப்பு ஏறத்தாழ 90,500 கோடி ரூப்பியா. நடத்திய தம்பதிக்கு 2018இல் டெப்போக் நீதிமன்றம் 20, 18 ஆண்டுகள் சிறை விதித்தது. அதைவிட என்னை வருத்தியது, பறிமுதல் செய்த சொத்துகள் அரசுக்கே என்று முதலில் தீர்ப்பானதுதான். அவை பணம் கட்டியவர்களுக்கே திரும்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் மறுசீராய்வு 2022இல்தான் சொன்னது. கால்நடையையும் நிலத்தையும் விற்றுப் பணம் கட்டுகிறவர்கள் உள்ள நாட்டில் ஐந்து வருடம் என்பது சின்ன விஷயமில்லை. காத்திருந்தபடியே கண்மூடும் வயது பலருக்கு.

தனியார் என்றால் ஓடிவிடுவான், அரசாங்கம் என்றால் பாதுகாப்பு என்று நினைப்போம். மலேசியாவின் ஹஜ் சேமிப்பு நிறுவனமான தாபோங் ஹாஜி அப்படிப்பட்ட நம்பிக்கையில் பிறந்ததுதான். வட்டிக்குப் பயந்து வங்கிக்குப் போகாமல், தலையணைக்குள்ளும் பானைக்குள்ளும் ஹஜ் பணத்தைச் சேர்த்த கிராமத்து மக்களுக்காகப் பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸ் 1959இல் முன்வைத்த யோசனை அது. 1963இல் நிறுவனமாக உருவெடுத்தது. அருமையான யோசனை என்று இன்றும் சொல்வேன். என் தகப்பனார் ஹஜ் போனது அந்தக் கணக்கில் மாதாமாதம் போட்ட பணத்தில்தான்.

அந்த நிறுவனம் 2015இல் 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்திடமிருந்து கோலாலம்பூரில் ஒன்றரை ஏக்கர் சொச்சம் நிலத்தை 18.85 கோடி ரிங்கிட்டுக்கு வாங்கியது. சதுர அடி 2,700 ரிங்கிட்டுக்கு மேல். அரசிடமிருந்து 1எம்டிபி அந்த இடத்தைப் பெற்றபோது சதுர அடி சராசரியாக 64 ரிங்கிட். கடனில் தத்தளித்த அரசு நிறுவனத்துக்கு ஹஜ் சேமிப்பிலிருந்து பணம் போகிறதே என்று அப்போதே ஊரில் பேச்சு எழுந்தது. அந்த வருடக் கடைசியில், தாபோங் ஹாஜியின் கையிருப்பு பற்றி மத்திய வங்கி எச்சரித்து எழுதிய கடிதம் சில வாரங்களில் வெளியே கசிந்தது. எல்லாம் பலமாகத்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. அப்போது வாரியத்தின் தலைவர் ஆளுங்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்.

தேர்தலில் ஆட்சி மாறிய பிறகு, 2018 டிசம்பரில் புதிய அரசு கணக்கைத் திறந்து காட்டியது. 2017 முடிவில் சொத்தைவிடப் பொறுப்புகள் 410 கோடி ரிங்கிட் அதிகம். சொத்து பொறுப்பைவிடக் குறைவாக இருந்தால் லாபம் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்று அந்த நிறுவனத்தின் சட்டமே சொல்கிறது. ஆனால் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். பழைய நிர்வாகத்தினர் இந்தக் கணக்கை மறுத்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். தணிக்கைக்காரனாக எனக்குப் புரிவது இதுதான்: நல்ல ஹிபா (சேமித்தவர்களுக்குத் தரும் லாபப் பங்கு) வந்த வருடங்களில் எங்கள் பள்ளிவாசலில் ஒருவர்கூட 'இது எங்கிருந்து வருகிறது?' என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆண்டறிக்கையைப் படிக்கத் தெரிந்தவன் நான், படிக்கவில்லை. அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

இப்படி எழுதினால் இரண்டு பக்கத்திலிருந்தும் கோபம் வரும். ஒரு பக்கம், 'முஸ்லிம் நாடுகள் என்றாலே இப்படித்தான், அந்த மதமே காரணம்' என்பார்கள். ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நேஷனல் 2023க்கு வெளியிட்ட ஊழல் உணர்வுக் குறியீட்டில் (மதிப்பெண் கூடினால் ஊழல் குறைவு) ஐக்கிய அரபு அமீரகத்துக்கு நூற்றுக்கு 68, மலேசியாவுக்கு 50, இந்தோனேசியாவுக்கு 34, சோமாலியாவுக்கு 11. நான்கிலும் பெரும்பான்மை ஒரே மார்க்கம்தான். மார்க்கம்தான் காரணம் என்றால் 68க்கும் 11க்கும் இடையில் இவ்வளவு தூரம் எப்படி வந்தது? மறுபக்கம், 'நம்மாட்கள் குறையை ஊருக்குச் சொல்லலாமா?' என்பார்கள். அவர்களிடம் நான் கேட்பது, குர்ஆனில் மிக நீளமான வசனம் எது என்று. சொர்க்கத்தைப் பற்றியதோ தொழுகையைப் பற்றியதோ அல்ல. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம்: கடன் கொடுத்து வாங்கினால் எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள், தொகை சிறியதானாலும் பெரியதானாலும் எழுதச் சலிக்காதீர்கள் என்கிறது. ரசீது கேட்பது ஈமானில் குறைவு என்று நினைத்த என் பெரியவருக்கு இந்த வசனத்தை யாராவது முன்பே நினைவுபடுத்தியிருக்கலாம்.

அரசியல் இதற்குள் எப்படி நுழைகிறது என்பதற்கு மீண்டும் இந்தோனேசியாவுக்கே போகிறேன். மத விவகார அமைச்சராக இருந்த சையது அகில் ஹுசைன் அல் முனாவர் 2006இல் ஹஜ் நிதி வழக்கில் தண்டனை பெற்றார். அதே நாற்காலியில் பின்னர் அமர்ந்த சூரியதர்மா அலி, ஓர் இஸ்லாமியக் கட்சியின் தலைவர். அவருக்கும் 2016இல் ஹஜ் வழக்கில் சிறை. குர்ஆன் பிரதிகள் அச்சிடும் ஒப்பந்தத்தில் லஞ்சம் வாங்கியதற்காக சுல்கர்னைன் ஜபார் என்ற நாடாளுமன்ற உறுப்பினருக்கு 2013இல் 15 ஆண்டு. வேதப் புத்தகத்தின் அச்சுக்கூலியில் கை வைத்திருக்கிறார்கள் என்று படித்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 'தூய்மை' என்று முழங்கி வாக்குக் கேட்ட இன்னொரு இஸ்லாமியக் கட்சியின் தலைவர், மாட்டிறைச்சி இறக்குமதி லஞ்சத்தில் அதே 2013இல் சிக்கினார்.

இவர்களில் கடைசி மூவரையும் பிடித்தது வெளிநாட்டுக்காரர்களோ மதத்தை வெறுத்தவர்களோ அல்ல. கேபிகே என்ற ஊழல் ஒழிப்பு ஆணையம். அதன் முன்னணிப் புலனாய்வாளராக இருந்தவர் நோவெல் பஸ்வெடான். 2017 ஏப்ரல் 11 அன்று, வீட்டருகே பள்ளிவாசலில் சுபுஹு (அதிகாலைத் தொழுகை) தொழுதுவிட்டு நடந்து வந்தவர் முகத்தில் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் அமிலத்தை வீசினார்கள். ஒரு கண்ணின் பார்வை போயிற்று. குற்றவாளிகளாகத் தீர்ப்பானவர்கள் இரண்டு போலீஸ்காரர்கள்; தண்டனை இரண்டு வருடமும் ஒன்றரை வருடமும். அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். தொழுகையும் தாடியுமாக இருந்த நோவெலையும் சகாக்களையும் 'தாலிபான் கும்பல்' என்று சமூக ஊடகங்களில் தூற்றினார்கள். 2019இல் ஆணையத்தின் சட்டம் திருத்தப்பட்டு அதன் சுதந்திரம் சுருங்கியது. 2021இல் 'தேசிய உணர்வுத் தேர்வு' வைத்து ஐம்பதுக்கு மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள், நோவெல் உட்பட. சுபுஹில் குனூத் என்ற பிரார்த்தனையை ஓதுவீர்களா என்றெல்லாம் அதில் கேட்டதாகச் செய்திகள் வந்தன.

திருடியவன் பக்தியைக் காட்டினால் கேள்வி நின்றுவிடுகிறது. திருட்டைப் பிடித்தவனிடம் பக்தி இருந்தால் அது தீவிரவாதம் ஆகிவிடுகிறது. இரண்டு இடத்திலும் பேச்சு கணக்கிலிருந்து நகர்ந்து மார்க்கத்துக்குப் போய்விடுகிறது. அரசியல்வாதிக்குத் தேவைப்படுவது அந்த நகர்வுதான். இதைக் கவனித்துப் பாருங்கள் என்றுதான் என்னிடம் வருகிறவர்களிடம் சொல்கிறேன்: நீங்கள் பணத்தைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு ஒருவர் வசனத்தால் பதில் சொல்கிறார் என்றால், அந்த இடத்தில் நில்லுங்கள்.

சரி, உம்ரா போகிறவர் என்ன பார்க்க வேண்டும்? இந்தோனேசிய மத அமைச்சு மக்களுக்கு ஐந்து 'நிச்சயம்' சொல்லிக்கொடுத்தது: உரிமம், பயணத் தேதி, விமானம், தங்குமிடம், விசா. மலேசியாவில் உரிமத்தைச் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சில் சரிபார்க்கலாம். பணத்தை நிறுவனத்தின் கணக்கில் மட்டுமே போடுங்கள், தனிமனிதர் கணக்கில் வேண்டாம். 'ஹலால் முதலீடு' என்று யாராவது வந்தால் மத்திய வங்கியும் பங்குப் பத்திர ஆணையமும் வைத்திருக்கும் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுங்கள். 1980களில் எகிப்தில் வளைகுடாவில் உழைத்தவர்களின் சேமிப்பு அல்-ரய்யான் போன்ற 'இஸ்லாமிய' நிறுவனங்களில் போனது இப்படித்தான். ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல் லாபம் வருகிறது என்றால் எந்த வியாபாரத்தில் வருகிறது என்று கேட்காமல் போட்டார்கள்.

பெரியவர் புகார் கொடுத்துவிட்டார். வங்கிப் பரிமாற்ற நகல், வாட்ஸ்அப் செய்திகள், தேதி தள்ளிப்போன விவரம், எல்லாவற்றையும் இரண்டு பிற்பகல் உட்கார்ந்து வரிசைப்படுத்தினோம். பணம் இதுவரை வரவில்லை. போன மாதம் மறுபடி வந்தார், இம்முறை மனைவியோடு. மகன் பணம் கட்டி வேறொரு நிறுவனத்தில் பதிந்திருக்கிறார்களாம். அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே ரசீது, உரிம எண், விமானச் சீட்டின் நகல். "சரியா இருக்கான்னு ஒருக்கா பாத்துருங்க, தம்பி" என்றார்.