எஞ்சினைக் கடைசியாக வாங்குங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாடா ஏஸ் வண்டியில் தார்ப்பாய் போட்டு மூடி எதையோ கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினார்கள் இரண்டு தம்பிகள். பாயை எடுத்தால் மாருதி ஆம்னி எஞ்சின். கியர்பாக்ஸ், எஞ்சின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட், பின் ஆக்ஸில் என்று குடும்பத்தோடு வந்திருந்தது. காயலான் கடையில் எடை போட்டு வாங்கியதாம்.

"ஏனுங்கண்ணா, இத வெச்சு மூணு சக்கர வண்டி ஒண்ணு பண்ணணுங்க. முன்னாடி மாட்டப் பழைய புல்லட் ஃபோர்க் இருக்குதுங்க" என்றான் பெரியவன். நோட்டில் படமும் வரைந்திருந்தான். சைலன்சர் வளைவுக்குக்கூட நிழல் கொடுத்திருந்தான். பிரேக் எங்கே தம்பி என்று கேட்டேன். "அது ஆக்ஸில்லயே வருதுங்கண்ணா" என்றான்.

கோவையில் இருபது வருடமாக சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) வேலையும் ஃபேப்ரிகேஷனும் செய்கிறேன். இப்படி வருகிறவர்கள் எல்லோருமே எஞ்சினை வாங்கிவிட்டுத்தான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். அந்த எஞ்சினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர், சுமார் 37 குதிரைத்திறன். உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், பிரிக்கத் தெரியாத மெக்கானிக் கிடையாது. நான் கவலைப்படுவது அது தள்ளப்போகிற மூன்று சக்கரங்களைப் பற்றி.

தரையில் சாக்பீஸால் ஒரு முக்கோணம் போட்டுக் காட்டினேன். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. வளைவில் வண்டி சாய்வது பின் சக்கரத்தின் மேல் மட்டும் அல்ல. முன் சக்கரத்தையும் வெளிப்பக்கப் பின் சக்கரத்தையும் இணைக்கும் கோட்டின் மேல்தான் சாய்கிறது. ஆம்னி ஆக்ஸிலில் சக்கரத்துக்குச் சக்கரம் சுமார் 1.2 மீட்டர், நடுவிலிருந்து பாதி, 60 செ.மீ. ஆனால் தம்பிகளின் படத்தில் எஞ்சின் வண்டியின் நடுவில், ஆள் அதற்குச் சற்றுப் பின்னால். மொத்த எடையின் மையம் முன் சக்கரத்திலிருந்து பத்தில் ஆறு பங்கு தூரத்தில் விழுகிறது. அந்த இடத்தில் முக்கோணத்தின் பாதி அகலம் 36 செ.மீ.தான். எடை மையத்தின் உயரம் 55 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 36-ஐ 55-ஆல் வகுக்க வேண்டும்: 0.65. வண்டியின் எடையில் 65 சதவீத அளவுக்குப் பக்கவாட்டு விசை வந்தாலே உள் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிடும்.

காய்ந்த தார் ரோட்டில் டயர் 70, 80 சதவீதம் வரை பிடிக்கும். இதே ஆக்ஸில் அகலத்தில் நாலு சக்கரம் இருந்தால் கணக்கு ஒன்றைத் தாண்டும். டயர் முதலில் வழுக்கும், கிறீச்சென்று சத்தம் வரும், ஓட்டுபவனுக்குப் புரியும். மூன்று சக்கரத்தில் வழுக்குவதற்கு முன்பே கவிழ்ந்துவிடும், எச்சரிக்கை எதுவும் கிடைக்காது. 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு சாதாரண வளைவில் இந்த வண்டி கவிழும் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். சின்னவன் ஃபோனை எடுத்துக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தான். நல்ல பழக்கம்.

இதில் வளைவுக்குள் பிரேக் அடித்தால் இன்னும் மோசம். பாரம் முன்னால், அதாவது முக்கோணம் குறுகலாக இருக்கும் பக்கமாக ஓடும். ஆட்டோ ஓட்டும் அண்ணன்களைக் கவனித்திருக்கிறீர்களா? அனுபவசாலி திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் கொன்றுவிடுவார், திருப்பத்துக்குள் பிரேக்கைத் தொடமாட்டார். ஆட்டோவில் எஞ்சின் பின்னால், பயணிகள் பின் ஆக்ஸிலை ஒட்டி. பாரமெல்லாம் அகலமான பக்கத்தில். அதைச் செய்தவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் எஞ்சினை நன்றாகப் பின்னால் தள்ளிவிடலாமே என்றான் பெரியவன். தள்ளலாம், கவிழ்வது குறையும். ஆனால் அளவுக்கு மீறினால் முன் சக்கரம் லேசாகிவிடும். மழையில் ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேரே போகும், மேட்டில் கிளட்சை விட்டால் முன்பக்கம் தூக்கும். சீட்டைத் தாழ்த்துவதுதான் செலவில்லாத வழி. சினிமா வண்டி மாதிரி உயரமாக உட்கார வேண்டும் என்ற ஆசையை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

அடுத்தது, முன் சக்கரத்தைப் பிடிக்கும் அந்த புல்லட் ஃபோர்க். பைக் வளைவில் சாய்ந்து போகிறது. அதனால் விசை எப்போதும் சக்கரத்தின் தளத்திலேயே மேலும் கீழுமாக வருகிறது; ஸ்போக்குக்கும் ஃபோர்க் குழாய்க்கும் பக்கவாட்டு அடி கிட்டத்தட்ட கிடையாது. மூன்று சக்கர வண்டி சாயாது. ஒவ்வொரு திருப்பத்திலும் சக்கரத்தைப் பக்கவாட்டில் முறிக்கப் பார்க்கும். ஸ்போக் சக்கரம் இதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. அலாய் அல்லது காரின் இரும்பு டிஸ்க் சக்கரம், கனமான குழாய், ஸ்டியரிங் தலைப்பகுதியில் டேப்பர் ரோலர் பேரிங், இதெல்லாம் இல்லாமல் நான் கை வைக்கமாட்டேன். ஃபோர்க்கை நீளமாக முன்னால் சாய்த்தால் பார்க்க ஜோராக இருக்கும். ஸ்டியரிங் பாறாங்கல்லாகிவிடும், அரை மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும்.

புரொப்பல்லர் ஷாஃப்டைக் குட்டையாக வெட்டி ஒட்டினால் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டக்கூடாது. அது ஓடுவது உங்கள் இரண்டு காலுக்கு நடுவில். ஜாயின்ட் உடைந்தால் சுழலும் ஷாஃப்ட் எங்கே அடிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஷாஃப்டைச் சுற்றி இரண்டு இடத்தில் இரும்பு வளையம் போட்டே ஆகவேண்டும். சேஸுக்கு வீட்டுத் தண்ணீர்க் குழாய் வேண்டவே வேண்டாம். துத்தநாகப் பூச்சோடு வெல்டிங் அடித்தால் புகையில் காய்ச்சல் வரும், பற்றும் சரியாகப் பிடிக்காது.

சிலர் மாருதி 800-இன் முன்பகுதியை அப்படியே எடுத்துப் பின்னால் வைப்பார்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் ஒரே கட்டாக வருவதால் வேலை சுலபம். ஆனால் அவை திரும்புவதற்காகச் செய்த சக்கரங்கள். சில வருடம் முன்பு வேறொரு பட்டறையில் செய்த அப்படி ஒரு வண்டி என்னிடம் வந்தது, நொறுங்கிய நிலையில். சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராட் மாட்டும் கைகளை அசையாமல் பிடிக்க ஒரு பட்டைத் தகட்டை நாலு பொட்டு வைத்து ஒட்டியிருந்தார்கள். மைதானத்தில் ஓட்டியபோது பொட்டு விட்டுப்போய், பின் சக்கரம் ஒன்று தானாகத் திரும்பிக்கொண்டது. ஓட்டிய பையனுக்குக் காறை எலும்பு முறிந்தது. அதே வண்டியில் ஹேண்ட் பிரேக்கும் இல்லை. 800-இல் ஹேண்ட் பிரேக் பின் டிரம்மில்தான் வேலை செய்யும், அந்தப் பாதியை யாரும் வாங்கவில்லை!

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவில்லாத வண்டியைப் பொதுச் சாலையில் எடுக்க முடியாது. இன்சூரன்ஸ் கிடைக்காது. பழைய ஆம்னியின் ஆர்.சி.யை இதற்கு மாட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புது வகை வண்டியாக அனுமதி வாங்குவது ஒரகடத்தில் இருப்பது போன்ற சோதனை மையங்களின் வேலை. அது கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகும், நமக்கு ஆகாது. சொந்தத் தோப்பு, கல்லூரி மைதானம், அனுமதியோடு ரேஸ் டிராக், அவ்வளவுதான் இந்த வண்டியின் உலகம். எஞ்சினுக்கு பில்லும், கழித்துக்கட்டிய வண்டியின் பதிவு ரத்தான காகித நகலும் வாங்கி வையுங்கள். எஞ்சின் நம்பர் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் ஸ்டேஷனில் உங்கள் படத்தின் அழகை யாரும் பார்க்கமாட்டார்கள்.

தம்பிகளுக்குக் கொடுத்த வேலை இது: சவுக்குக் கம்பும் பழைய பலகையும் வைத்து வண்டியை முழு அளவில் கட்டுங்கள். எஞ்சினை அது உட்காரும் இடத்திலும், மணல் மூட்டையை ஆள் உட்காரும் இடத்திலும் வையுங்கள். மூன்று சக்கரத்துக்கும் அடியில் எடை மெஷின் வைத்து எழுதுங்கள். பிறகு இரண்டு பக்கமும் தளர்வாகக் கயிறு கட்டி ஒரு பக்கத்தைத் தூக்குங்கள். எந்தக் கோணத்தில் கவிழப் பார்க்கிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அதுவரை வெல்டிங் மெஷினை ஆன் பண்ணமாட்டேன்.

முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. ஏஸில் எஞ்சினைத் திரும்ப ஏற்றும்போது, பிளக்கைக் கழற்றி மூன்று துவாரத்திலும் கொஞ்சம் ஆயில் விட்டு, வாரம் ஒருமுறை கையால் சுற்றிவிடச் சொன்னேன். பிஸ்டன் ரிங் துருவேறிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கும்.