பெரெக்: கணுவா, அதிகாரமா?

மிஷ்னா (யூதரின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பு), தால்முத் (அதன் மேலான விரிவுரை) ஆகிய யூத நூல்களின் உட்பிரிவைக் குறிக்கும் எபிரேயச் சொல் பெரெக்; பன்மையில் பெராக்கீம். ‘கழற்று, பிரித்தெடு’ என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. அகராதிகள் ‘அத்தியாயம்’ என்று முடித்துவிடும். மிஷ்னாவுக்குள்ளேயே இச்சொல் வேறு வேலைகளும் செய்கிறது. கைத்தூய்மை பற்றிய மிஷ்னா நூலான யதாயிம் (2:3), கைகள் தீட்டாவதும் தூய்மையாவதும் ‘பெரெக் வரை’ என்கிறது. அங்கே அது மணிக்கட்டு. வேண்டல்கள் பற்றிய பெராக்கோத் (2:1), ‘ஷெமா’ என்னும் அன்றாட வேண்டலை ஓதும்போது ‘பெராக்கீமில்’ மதிப்புக்குரியவருக்கு வணக்கம் சொல்லலாம் என்கிறது. அங்கே அது ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி. உரிய வயது, தக்க காலம் என்ற பொருளும் உண்டு.

யூத அறிஞர் யூதா ஹநாசி கி.பி. 200 வாக்கில் தொகுத்த மிஷ்னாவில் 6 பெரும்பிரிவுகள், அவற்றுக்குள் 63 மசேக்கெத்கள், அதாவது தனித்தனி நூல்கள். (மசேக்கெத் என்றால் தறியில் நெய்யும் பாவு; நம் ‘நூல்’ நினைவுக்கு வரும்.) பெரெக்குகள் 523 என்றும் 525 என்றும் சொல்வார்கள். இரண்டும் சரியே: ஆவோத் மசேக்கெத்தின் 6ஆவதும் பிக்கூரிம் மசேக்கெத்தின் 4ஆவதும் பின்னால் சேர்ந்தவை; அவற்றையும் எண்ணினால் 525.

ஒரு பெரும்பிரிவுக்குள் மசேக்கெத்களின் வரிசையே பெரும்பாலும் பெரெக் எண்ணிக்கையை ஒட்டியது, மிகுதியானது முதலில். நாஷிம் என்னும் பெரும்பிரிவைப் பாருங்கள்: 16, 13, 11, 9, 9, 9, 4. நெசிக்கின் என்னும் பெரும்பிரிவில் இது இடறுகிறது. ‘பாவா’ என்று பெயர் தொடங்கும், தலா 10 உள்ள மூன்று மசேக்கெத்களுக்குப் பிறகு 11 உள்ள சன்ஹெத்ரின் வருகிறது. மூன்று பாவாக்களும் முன்பு 30 பெரெக் கொண்ட ஒரே மசேக்கெத் என்று தெரிந்தால் சிக்கல் தீர்ந்தது.

பெரெக்குக்குப் பெயர் அதன் முதற்குறிப்புதான். பெராக்கோத்தின் முதல் பெரெக் ‘மேயிமத்தாய்’, அதாவது ‘எப்போதிலிருந்து’. தால்முதில் அது முடியுமிடத்தில் ‘ஹத்ரான் அலாக் மேயிமத்தாய்’, ‘உன்னிடம் திரும்பி வருவோம்’ என்று அதே பெயரைச் சொல்லி விடைபெறுவார்கள். மேற்கோளிலும் பெயரே பாதுகாப்பு. எண் காலை வாரும். சன்ஹெத்ரினின் ‘ஹேலெக்’ மிஷ்னாவில் 10ஆவது, அச்சான பாபிலோனியத் தால்முதில் 11ஆவது. மெகில்லா மசேக்கெத்திலும் 3, 4 இரண்டும் இடம் மாறியிருக்கும்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘அதிகாரம்’ வேண்டாம். விவிலியத்தின் அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில் ஆங்கில இறையியலாளர் ஸ்டீபன் லாங்டன் லத்தீன் விவிலியத்துக்குச் செய்தது. பின்னாளில் யூதர்கள் அதையும் பெரெக் என்றே அழைத்தாலும் பிறப்பு வேறு. பொருளால் மிக நெருங்குவது ‘பருவம்’: வடமொழிப் ‘பர்வன்’ கணுவையும் காலத்தையும் மகாபாரதத்தின் பிரிவையும் குறிக்கும், பெரெக்கைப் போலவே. ஆனால் இன்று பருவம் என்றதும் மழையும் வயதும்தான் நினைவில் எழும். ஆகவே மொழிபெயர்ப்பில் ‘இயல்’ என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் ‘பெரெக்’ என்று அடைப்புக்குறிக்குள் தருவதே வசதி.